சுத்தாத டிஸ்க்

தம்பி, அந்தப் பையை மேலே வைக்காதீங்க. உள்ளே லேப்டாப்தானே? பையைப் பார்த்தாலே தெரியும். இந்த பஸ் போற போக்குக்கு, நாங்குநேரி தாண்டுறதுக்குள்ள அதை ஆட்டி எடுத்துரும். மடியில் வச்சுக்கிடுங்க. சிரமமா இருந்தா என் மடியில் குடுங்க, எனக்குப் பழக்கம்தான்.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் வாய்க்குள்ளேயே பேசுறீங்க. எஸ்.எஸ்.டி.யா? உங்களுதும் அதுதானா? குலுங்கினாலும் ஒண்ணும் ஆகாதா? சரிதான். அப்ப மேலேயே வைங்க. எங்கேயும் வைங்க. தூக்கி ரோட்டில் போட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு ஆனது எனக்குத்தானே தெரியும்.

இந்த டிரைவராவது ஒரு பாட்டைப் போட்டுவிடலாம். சும்மா எவ்வளவு நேரம் போறது? என்ன? ஓடுதா? பாட்டா? எங்கே ஓடுது? ஓ... இவ்வளவு மெதுவாப் போடுறதுக்குப் போடாமலே இருக்கலாம். மைக் செட்காரன் ஒருத்தன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கான்னு தெரிஞ்சே பண்ணுறானோ என்னமோ.

நான் கொம்பையா. கொம்பையா சவுண்ட் சர்வீஸ். திசையன்விளை சுத்துவட்டாரத்தில் காது குத்தோ, சடங்கோ, கல்யாணமோ, கோவில் கொடைத் திருவிழாவோ, எங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாலும் அண்ணாந்து பாருங்க, மஞ்சள் பெயிண்டில் என் பேர் இருக்கும். ஊர் செம்மண்விளை. எங்க ஊர் முத்தாரம்மன் கோவில் கொடைக்கு மைக் செட் என்னுது. எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாலயிருந்தே என்னுது. வேற எந்த ஊர்க் கொடை கைவிட்டுப் போனாலும் எனக்குக் கவலை கிடையாது. அந்தக் கோவிலில் குழாய் கட்டுறவன்தான் மைக் செட்காரன். மத்தவன் எல்லாம் சும்மா வயர் வச்சிருக்கிற ஆளு.

அந்த மைக் செட் இப்ப என் கையில் இல்லை தம்பி. போன மாசம் வரைக்கும் நான் முதலாளி. இப்ப, "இன்னொரு எஸ்.எஸ்.டி. வாங்கிட்டு வாங்க"ன்னா வாங்கிட்டு வர்ற ஆளு. அதுக்குத்தான் திருநெல்வேலிக்குப் போய்க்கிட்டு இருக்கேன். எல்லாம் அந்தச் சுத்தாத டிஸ்க்கால வந்த வினை. வேற யார் என்ன காரணம் சொன்னாலும் நம்பாதீங்க.

லேப்டாப் என் மகளோடது. செல்லக்கனி. ஒரே பிள்ளை. பி.எஸ்சி. படிக்கும்போது வச்சிருந்தது. படிச்சு முடிச்சு வீட்டில்தான் இருந்தாள். என் கேசட் எல்லாம் பூஞ்சை பிடிச்சு, சி.டி. எல்லாம் கீறல் விழுந்து, நான் திண்டாடிக்கிட்டு இருந்த நேரம். "யப்பா, எல்லாப் பாட்டையும் இதுக்குள்ள ஏத்தித் தாறேன், இதைத் தூக்கிட்டுப் போங்க"ன்னாள். ஏத்தியும் தந்தாள். சாமி பாட்டு தனி, கல்யாண வீட்டுக்குத் தனி, இழவு விழுந்த துட்டி வீட்டுக்குத் தனி. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும், அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம் வச்சுத் தந்தாள். வேல் போட்டது சாமி பாட்டு, மாலை போட்டது கல்யாணம். துட்டிக்கு ஒரு சங்கு. "சங்கை மட்டும் பார்த்துத் தொடுங்கப்பா"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாள்.

நல்ல லேப்டாப் தம்பி அது. உள்ளே ஒரு தட்டு இருந்து சுத்தும். ஊசி மாதிரி ஒண்ணு அதுமேல ஓடி ஓடிப் படிக்குமாம். அதைக் கேட்டதும் எனக்கு மனசு ஒட்டிப்போச்சு. நம்ம தொழில் சாமான் மாதிரியே இருக்கே! சுவிட்சைப் போட்டா உள்ளே லேசா ஒரு உறுமல் வரும். மூடிமேல உள்ளங்கையை வச்சாப் போதும், அந்த உறுமல் நல்லாக் கேட்கும். கையை எடுத்துட்டாக் கேட்காது. நல்ல மெஷின்னா அப்படித்தான் இருக்கும்.

எங்கே வச்சு ஓட்டுவேன்னு கேளுங்க. பேஸ் பாக்ஸ் மேல. தம்முதம்முன்னு அதிர்ற பெரிய ஸ்பீக்கர் பெட்டி, இடுப்பு உயரம், மேசை மாதிரி, வயரும் ரொம்ப இழுக்க வேண்டாம். கொடை அன்னைக்கு லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் பிச்சிப்பூ. பொட்டு வைக்காம நான் ஒரு மெஷினையும் தொட்டது கிடையாது. அதில் காத்துப் போற ஓட்டை எல்லாம் சந்தனம் அடைச்சுக் கிடந்ததுன்னு பின்னால ஒருத்தன் சொன்னான். அதை விடுங்க.

இந்த வருஷம் சித்திரை பிறந்ததிலிருந்தே இடைஞ்சல். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை காரை விட்டு இறங்குற நேரம், பாட்டு சிக்கிக்கிட்டது. முழுசா நிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. 'வா வா வா வா'ன்னு ஒரே இடத்தில் நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. மாப்பிள்ளை ஒரு காலை வெளியே வச்சுக்கிட்டு, இறங்கவா வேண்டாமான்னு தெரியாம முழிக்கிறான். நான் கரண்டைத் திட்டினேன். அடுத்து ஒரு காது குத்து வீட்டிலும் இதே கதை. அங்கே கரண்டு நல்லா இருந்தது. அதனால ஜெனரேட்டர்காரனைத் திட்டினேன். "ஜெனரேட்டரே போடலையே அண்ணாச்சி"ன்னான். போடாததுக்குத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்லக்கனி அந்த லேப்டாப்பை மேசையில் வச்சுக் கவனிச்சாள்.

"யப்பா, டிஸ்க் டக்கு டக்குன்னு அடிக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

நான் குனிஞ்சு காதை வச்சேன். ஒரு சத்தமும் இல்லை.

"ஒண்ணும் அடிக்கலை. சுத்தமா இருக்கு."

"கடிகாரம் மாதிரி அடிக்குதுப்பா. யம்மா, இங்க வந்து கேளு."

என் வீட்டுக்காரி பிச்சம்மாள் கரண்டியும் கையுமா வந்தாள். அவளோட எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, அவள் எப்பவும் ஊருக்கே கேக்குற மாதிரித்தான் பேசுவாள். "இதுவா? அடுப்படி வரைக்கும் கேக்குதுளா. நான் பல்லி கத்துதுன்னுல்லா நினைச்சேன்!" அப்படின்னாள்.

பார்த்தீங்களா? ரெண்டு பேரும் ஒரு கட்சி ஆயிட்டா, வீட்டில் நமக்கு எங்கேயிருந்து நியாயம் கிடைக்கும்?

செல்லக்கனி சொன்னாள், அந்தத் தட்டுக்கும் ஊசிக்கும் நடுவில் மயிரிழை நுழைய இடம் கிடையாதாம். பேஸ் பாக்ஸ் அதிர்ற அதிர்ச்சியில் ஊசி தடம் மாறித் தடுமாறுதாம். அதனால்தான் பாட்டு சிக்குதாம். "லேப்டாப்பைக் கீழே ஒரு ஸ்டூல்ல வைங்க, பேஸைக் குறைங்க. இல்லாட்டா எஸ்.எஸ்.டி. மாத்திருவோம்ப்பா. அதுல சுத்துறதுக்கு ஒண்ணுமே கிடையாது. என்ன ஆட்டு ஆட்டினாலும் அசையாது."

பேஸைக் குறைக்கவா? இப்பவே என் ஆம்ப்ளிஃபையரில் சத்தம் வர மாட்டேங்குது. வருஷா வருஷம் திருகைக் கொஞ்சம் கூட்டி வச்சாத்தான் போன வருஷத்துச் சத்தம் வருது. ஆம்ப்ளிஃபையர் தேஞ்சுபோச்சு தம்பி. மூணு மெக்கானிக் பிரிச்சுப் பார்த்து நல்லா இருக்குன்னுட்டாங்க. மூணு பேருக்கும் தொழில் தெரியலை.

சரி, கொடைக்கு வாறேன். வைகாசி செவ்வாய்க்கிழமை, மத்தியானப் பூசை. எங்க ஊர்க் கோமரத்தாடி பலவேசம். கோமரத்தாடின்னா அம்மன் இறங்கி ஆடுற ஆளு, உங்க பக்கம் சாமியாடின்னு சொல்லுவீங்க. நானும் அவனும் ஒண்ணாப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவங்க. கூட்டாளிதான். ஆனா சிவப்புப் பட்டு கட்டி, கையில் கமுகம்பூவை எடுத்துட்டான்னா நான்கூட அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். அப்ப அவன் பலவேசம் இல்லை, அம்மன்.

அன்னைக்குன்னு பார்த்து நையாண்டி மேளக்காரங்க வேன் வழியில் பழுதாகிப் படுத்துட்டு. பூசை நேரம் நெருங்கிருச்சு. தர்மகர்த்தா தங்கப்பழம் அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வாறார்.

"ஏ கொம்பையா, ஒங்கிட்ட மேளம் இருக்கால?"

"எல்லா மேளமும் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப போட்டுவிடு. அவனுவ வாற வரைக்கும் இதுல ஆடட்டும்."

வேல் படத்தைத் தொட்டேன். மேளத்தை எடுத்தேன். சாமி ஆடுற மேளமாச்சே, நெஞ்சுக்குள்ள இறங்க வேண்டாமா? பேஸை முழுசாத் திறந்துவிட்டேன். முதல் அடி விழுந்ததும் பலவேசத்துக்கு உடம்பு உதறிச்சு. பொம்பளைகள் குலவை போட்டாங்க. கமுகம்பூ சுழலுது, சலங்கை குதிக்குது, அப்படி ஒரு ஆட்டம். அம்மன் ஒரு காலைத் தூக்கி, கையை ஓங்கி, 'ஹே'ன்னு திரும்பினாள் பாருங்க, அந்த நேரம் மேளம் 'டு டு டு டு'ன்னு இழுத்துட்டு, பொட்டுன்னு நின்னு போச்சு.

தூக்கின கால் தூக்கினபடி நிக்கிறா அம்மன். கால் நடுங்குது. மெதுவாத் தலையைத் திருப்பி, பேஸ் பாக்ஸைப் பார்த்து, பலவேசம் சொந்தக் குரலில் கேட்டுட்டான் தம்பி: "ஏல கொம்பையா, என்னல ஆச்சி?"

அம்மன் வாயிலிருந்து 'ஏல கொம்பையா' வரலாமா? இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரிச்சதுகள். அப்புறம் மேளக்காரங்க வந்தாங்க, மறுபடி சாமி வந்தது, பூசை நடந்தது. ஆனா ஊர் வாயை மூட முடியுமா? டீக்கடையில் போய் பலவேசம் உட்கார முடியலை. "அம்மனுக்கு மேளம் வேண்டாம்வே, கரண்டு இருந்தாப் போதும்"னு ஒருத்தன். "அம்மன் என்ன பாட்டைக் கேட்டா?"ன்னு இன்னொருத்தன். பலவேசம் என் வீட்டு வாசலில் வந்து நின்னு கத்தினான்: "எத்தனை வருஷமா ஆடுதேன்! நான் ஆடுறது பொய்யின்னு ஊரு சிரிக்க வச்சிட்டியேல. இனிமே ஒன் மைக் செட்டுக்கு நான் கால் தூக்க மாட்டேன்."

கோவில் கூட்டம் போட்டாங்க. அங்கே என் மச்சினன் அய்யாக்குட்டி வந்து உட்கார்ந்திருக்கான். பிச்சம்மாளோட கூடப்பிறந்தவன். அவனும் புதுசா மைக் செட் வச்சிருக்கான். வாழை இலை மாதிரி மெலிசா ஒரு லேப்டாப். "அத்தான் கோவிச்சுக்கிடப்படாது. என்னுதுல எஸ்.எஸ்.டி. பேஸ் பாக்ஸ் மேல இல்ல, பேஸ் பாக்ஸ் உள்ள வச்சாலும் சிக்காது" அப்படின்னு எல்லாரும் கேட்கச் சொன்னான். தங்கப்பழம் அண்ணாச்சிக்கு என் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்திருக்கும். "அடுத்த செவ்வாய் எட்டாம் கொடை இருக்குல்லா. அதுல கொம்பையா ஒழுங்கா ஓட்டட்டும். அன்னைக்கும் சிக்கிச்சின்னா, அடுத்த வருஷத்துலயிருந்து அய்யாக்குட்டி"ன்னு முடிச்சுட்டார். இதை அவர் பக்கத்தில் வந்து, என் தோளைப் பிடிச்சுக் குலுக்கி, ரெண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொன்னாலே எனக்குப் புரியும்.

வேற வழி? மறுநாளே செல்லக்கனி என்னை இதே பஸ்ஸில் ஏத்தித் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டு வந்தாள். வண்ணார்பேட்டையில் சூசைன்னு ஒருத்தன் கடை. சின்னப் பையன்தான், மரியாதையான பையன், ஆனா கத்திக் கத்திப் பேசுறான். செல்லக்கனிகிட்ட மெதுவாப் பேசுறான், என்கிட்டத் திரும்பினதும் கத்துறான். அது என்ன பழக்கமோ.

லேப்டாப்பைக் கழற்றி, பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து, பாட்டை எல்லாம் மாத்துறதுக்கு ஒரு வயரில் மாட்டினான். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அதையே பார்த்தாங்க. ஒரு அம்மா காதில் விரலை வச்சுக்கிட்டாள். என்ன பார்க்கிறாங்கன்னு நானும் பார்த்தேன். சும்மா கிடக்கு.

"பெரியவரே! இது சாகப்போற சத்தம்! இவ்வளவு நாள் இதைக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"ன்னு கத்தினான் சூசை.

"எந்தச் சத்தம்?"னு கேட்டேன். அவன் செல்லக்கனியைப் பார்த்தான். செல்லக்கனி சுவரில் கிடந்த காலண்டரைப் பார்த்தாள்.

அப்புறம் புதுசை எடுத்துக் கையில் குடுத்தான். சீட்டுக்கட்டை விட மெலிசு. கனமே இல்லை. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே ஒண்ணும் ஆடலை.

"இதுக்குள்ள என்ன சுத்துது?"

"ஒண்ணும் சுத்தாது பெரியவரே! எல்லாம் சில்லு! கீழே விழுந்தாலும் தாங்கும், ஆட்டினாலும் தாங்கும். சூடாகாது. பேட்டரியும் கூட நேரம் நிக்கும். சுவிட்சைப் போட்டுட்டு நீங்க வெத்திலையை மடிக்கிறதுக்குள்ள பாட்டு ரெடியா இருக்கும்!"

"அப்ப அது ஓடுதா நிக்குதான்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம்! அது பாட்டுக்கு வேலை செய்யும்!"

இப்படி ஒரு சாமானை நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? மாடு இரை எடுக்குதா இல்லையான்னு பார்த்துத்தானே வளர்க்கிறோம்? இன்னொண்ணும் சொன்னான். இனிமே வர்ற லேப்டாப் எதிலுமே சுத்துற தட்டு வராதாம். மெலிசாக்க மெலிசாக்க, இந்தச் சில்லையும் போர்டோட சேர்த்தே ஒட்டி அனுப்பிருவானாம். சில லேப்டாப்பில் இப்பவே அப்படித்தானாம், கழற்றவும் முடியாது, மாத்தவும் முடியாதாம். "அதுவும் பழுதாகத்தான் செய்யும். ஆனா முன்கூட்டிச் சொல்லாது. நேத்து நல்லா இருக்கும், இன்னைக்கு இருக்காது. அதனால எல்லாத்தையும் இன்னொண்ணுல ஒரு காப்பி போட்டு வைக்கணும்"னான்.

சாகும்போதாவது ஒரு சத்தம் போடக் கூடாதா? அந்தப் பழைய டிஸ்க் அவ்வளவு நாளா அடிச்சுக்கிட்டுச் சொன்னதாம், இவங்க கணக்குப்படியே. அதுதானே விசுவாசம்?

எட்டாம் கொடை வந்தது. செல்லக்கனி ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டாள். நான் அதை ஓரமாத் தள்ளிட்டு, லேப்டாப்பை எப்பவும் போல பேஸ் பாக்ஸ் மேலதான் வச்சேன். சந்தனம், குங்குமம், பூ. சுவிட்சைப் போட்டேன். உள்ளங்கையை வச்சேன். ஒரு உறுமல் இல்லை, ஒரு துடிப்பு இல்லை. செத்த பிணத்தில் கை வச்ச மாதிரி இருந்தது. படம் மட்டும் டக்குன்னு வந்துட்டு. எனக்குச் சுத்தமா நம்பிக்கை இல்லை தம்பி. ஊரே பார்த்துக்கிட்டு இருக்கு. அய்யாக்குட்டி முன் வரிசையில் கைகட்டி நிக்கிறான். பலவேசம் சிவப்புப் பட்டு கட்டிக்கிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. என் கட்சியும் அய்யாக்குட்டி கட்சியும் பார்க்கட்டும்னு, மேளக்காரங்களை உட்கார வச்சுட்டு, முதல் ஆட்டத்தை என் மேளத்தில்தான் ஆடச் சொல்லிட்டார் அண்ணாச்சி.

போட்டேன். சத்தம் பத்தலை. கூட்டினேன். சிக்கலை. இன்னும் கூட்டினேன். அப்பவும் சிக்கலை. பழைய டிஸ்க்கா இருந்தா இந்த இடத்திலேயே தடுமாறியிருக்கும், நானும் பயந்து ரெண்டு நூல் குறைச்சிருப்பேன். இதுதான் எதுக்குமே அசையலையே! திருகு அதுக்கு மேல போகாதுங்கிற வரைக்கும் திருப்பினேன். கோவில் கூரையில் ரெண்டு ஓடு நகர்ந்து விழுந்தது. பொங்கல் பானைகள் தானா ஆடுது. கைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் குளத்தங்கரைக்குப் போயிட்டாங்க, நல்ல காத்து வருதுன்னு போயிருப்பாங்க. செல்லக்கனி என் பக்கத்தில் நின்னு வாயை வாயை அசைச்சாள். நான் தலையை ஆட்டினேன். அவள் என்ன சொன்னாலும் நான் தலையை ஆட்டிருவேன், பிள்ளை மனசு நோகக் கூடாது பாருங்க.

அம்மன் ஆடினாள் தம்பி! ஒரு கையில் கமுகம்பூ, இன்னொரு கையால் காதைப் பொத்திக்கிட்டு, அப்படி ஒரு உக்கிரம். அந்த மாதிரி ஆட்டத்தை நான் என் சென்மத்தில் பார்த்ததில்லை. ஒரு இடத்தில்கூடச் சிக்கலை. கடைசி அடி வரைக்கும் ஓடிச்சு. அய்யாக்குட்டி முகம் சுருங்கிப்போச்சு. நான் ஜெயிச்சுட்டேன். அந்த ஒரு நிமிஷம் நான் ஜெயிச்சுட்டேன்.

மேளம் முடிஞ்சா அம்மன் கணக்குச் சொல்லுவா, குறி சொல்றதுன்னு வச்சுக்கிடுங்க. அப்ப மைக் செட் எல்லாம் அணைச்சிரணும், ஊர் அமைதியா நிக்கணும். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, குறைநிறை சொல்லி, கடைசியில் 'சம்மதமா?'ன்னு மூணு தடவை கேட்பா. நாமளும் மூணு தடவை 'சம்மதம் தாயே'ன்னு சொல்லணும். சொல்லிட்டா மீறக் கூடாது. அன்னைக்கு அம்மன் முதலாவதாக் கூப்பிட்டது என்னைத்தான். கமுகம்பூவை நீட்டி என்னைக் காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு முன்னால போய் நின்னேன்.

அம்மன் பேசினாள். உதடு அசையுது. கண்ணு கலங்கியிருக்கு. என்ன சொல்லுவா? பொங்கல் விடு, பூ போடு, உன்னைக் காப்பாத்துறேன், அதைத்தானே எல்லாருக்கும் சொல்லுவா? நிறுத்திட்டு என்னையே பார்த்தாள். நான், "சம்மதம் தாயே"ன்னேன். மறுபடி உதடு அசைஞ்சது. "சம்மதம் தாயே." மூணாவதும் சொல்லிட்டுக் கீழே விழுந்து கும்பிட்டேன். அழுதுட்டேன் தம்பி. திருநீறு பூசிவிட்டாள். பொம்பளைகள் குலவை போட்டதை வாய் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். எழுந்து திரும்பினா, தங்கப்பழம் அண்ணாச்சி சிரிக்கிறார். பிச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். செல்லக்கனி வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாள். என்ன நடந்துதுன்னு எனக்கு ஒண்ணும் விளங்கலை.

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவில் குழாயை ஏத்துறேன், ஒரு சடங்கு வீடு இருந்தது. போறவன் வாறவன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிச்சு என்னமோ சொல்லிட்டுப் போறான். நானும் தலையை ஆட்டுறேன். டிரைவர் சாவியைக் கொண்டு போய் செல்லக்கனி கையில் குடுக்கிறான். வயர்ச் சுருளையும் அவள்கிட்டத்தான் குடுக்கிறான். எனக்குச் சந்தேகம் தட்டிப்போச்சு. பிச்சம்மாளைக் கூப்பிட்டேன்.

"நேத்து அம்மன் எங்கிட்ட என்னளா சொன்னா?"

"ஒம்ம மககிட்டயே கேளும்!" அப்படின்னு ஒரே கத்து.

பலவேசம் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். காதில் பஞ்சு வச்சிருந்தான். கேட்டேன். "எனக்கு என்னல தெரியும்? சொன்னது அம்மன்லா"ன்னான். அதை மட்டும் எனக்குக் கேக்குற மாதிரிச் சொன்னான். உதட்டில் ஒரு சிரிப்பு வேற. அம்மன் சொன்னாளோ, இவன் சொன்னானோ, அந்தப் பஞ்சு சொல்லிச்சோ. நான் சாமியைச் சந்தேகப்படுற ஆள் இல்லை. பலவேசத்தைச் சந்தேகப்படலாம்.

திரும்பி வந்து முற்றத்தில் நின்னு செல்லக்கனியைப் பார்த்துச் சத்தம் போட்டேன். "என்ன நடக்குது இந்த வீட்டுல? எல்லாரும் சேர்ந்து என்ன ரகசியம் பேசுறீங்க? என்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவள் விறுவிறுன்னு போய் லோடு ஆட்டோவில் ஏறினாள். ஆம்ப்ளிஃபையரைப் போட்டாள். ஏத்தி வச்சிருந்த குழாயில் ஒண்ணை எனக்கு நேரே திருப்பினாள். மைக்கை எடுத்தாள்.

"யப்பா."

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு ஆளுகள் எல்லாம் வெளியே வந்துட்டாங்க.

"யப்பா, நேத்து அம்மன் சொன்னது இதுதான். கொம்பையா, உனக்குக் காது போயிட்டு. மைக் செட்டை இனிமே மக பாக்கட்டும். நீ அவளுக்குப் பக்கத்துல உக்காரு. சம்மதமான்னு கேட்டா. மூணு தடவை சம்மதம்னு சொல்லிட்டீங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிருச்சு. காது போயிட்டாம்! இப்ப அவள் பேசினது ஒரு எழுத்து விடாம எனக்குக் கேட்டுதே? ஒழுங்கான சத்தத்தில் பேசினா யாருக்குத்தான் கேட்காது? மக்க மனுசங்க எல்லாரும் முணுமுணுன்னு பேசிட்டு, பழியைத் தூக்கி என் காது மேல போட்டா எப்படி? அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடலை.

"அம்மன் கேட்டது நேத்துத்தான்ப்பா. நான் படிச்சு முடிச்ச நாளிலிருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். நான் வேற வேலைக்குப் போகலை, மைக் செட்டை எனக்குக் கத்துக்குடுங்க, நான் பார்க்கிறேன்னு சாப்பிடும்போது கேட்டேன். வண்டியில் போகும்போது கேட்டேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினீங்க. மறுநாள் ஒண்ணும் நடக்காது. உங்களுக்கு இஷ்டம் இல்லை, சொல்ல மனசு வராமத் தலையை ஆட்டுறீங்கன்னு நினைச்சேன். எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? அந்த டிஸ்க் அடிச்சது உங்களுக்குக் கேட்கலைன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான், நான் கேட்டதும் உங்களுக்குக் கேட்கவே இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சது."

குரல் கொஞ்சம் நடுங்கிச்சு. மத்தபடி ஒரு கீச்சும் இல்லை, இரைச்சலும் இல்லை. மைக்கை வாய்க்கு எவ்வளவு தூரத்தில் பிடிக்கணும்னு நான் சொல்லிக் குடுக்காமலே தெரிஞ்சிருக்கு.

"அம்மனுக்குச் சொன்னது இருக்கட்டும். அது கேட்காமச் சொன்னது. இப்ப எனக்குச் சொல்லுங்க. சம்மதமா?"

தெருவே என் வாயைப் பார்க்குது. அய்யாக்குட்டி வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறான். பிச்சம்மாள் என் பக்கத்தில் வந்து நிக்கிறாள். நான் என்ன செய்ய? ரெண்டு வார்த்தை திட்டலாம்னு பார்த்தேன். குழாய்க்கு முன்னால நின்னு திட்டி யாருக்குக் கேட்கப் போகுது?

சொன்னேன் தம்பி. சம்மதம்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ன பிச்சம்மாள், "என்ன சொன்னீரு, என்ன சொன்னீரு"ன்னு கேட்கிறாள். ஆனா வண்டி மேல நின்ன செல்லக்கனி மைக்கை அணைச்சுட்டுக் கீழே இறங்கிட்டாள்.

அவளுக்குக் கேட்டுருச்சு.